பிணமில்லாத மறைவு

நம் பள்ளிப் பாடநூல்கள் செல் பகுப்பைச் சொல்லிக்கொடுக்கும்போது, பிரிவதற்கு முன் இருந்ததைத் தாய் செல் என்கின்றன. பிரிந்தபின் கிடைக்கும் இரண்டையும் சேய் செல்கள் என்கின்றன. காதுக்கு இதமான உறவுமுறைதான். ஆனால் பிள்ளை பெற்ற தாய் கட்டிலில் படுத்திருப்பாள், பிள்ளை பக்கத்துத் தொட்டிலில் கிடக்கும். செல்லின் பிரசவத்திலோ தொட்டில் இரண்டு, கட்டில் காலி. தாய் செத்துவிட்டாள் என்று சொல்ல வழியில்லை, பிணம் இல்லை. இருக்கிறாள் என்று சொல்லவும் வழியில்லை. இருவரில் யார் அவள் என்று காட்டச் சொன்னால் கை எந்தப் பக்கமும் நீளாது. வார்த்தை விளையாட்டு என்று இதைத் தள்ளிவிடலாம். தள்ளக் கூடாது என்பது என் எண்ணம். சமயங்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி இங்கே மிகச் சிறிய அளவில், கண்ணால் பார்க்கக்கூடிய வடிவில் எழுந்து நிற்கிறது. உயிர் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குத் தொடர்கிறது என்றால், கடந்துபோவது எது? இப்படிக் கேட்கும்போதே நாம் ஒரு பயணியை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். படகு கரை சேர்ந்திருக்கிறது, ஆகவே அதில் யாரோ ஒருவர் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். ஆளில்லாமலும் படகு அக்கரை சேரும் என்று செல் பகுப்பு காட்டுகிறது. அதனால் ஆன்மா இல்லை என்று ஆகிவிடாது. எந்த வேலைக்காக ஆன்மாவைக் கூப்பிடுகிறோம் என்பதை மட்டும் நாம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு வெங்காயத்தை, அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் படும்படி குப்பியின் வாயில் உட்கார வைத்தால் சில நாளில் வெள்ளை வேர்கள் இறங்கும். வேர்நுனியைக் கொஞ்சம் வெட்டி, அமிலத்தில் பதமாக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகடுகளுக்கு இடையே விரலால் அழுத்தி நசுக்கினால், பள்ளிக்கூட நுண்ணோக்கியே போதும். பெரும்பாலான செல்களில் ஒரு சிவந்த உருண்டை மட்டும் தெரியும். சிலவற்றில் அந்த உருண்டை கலைந்து தடித்த நூல்களாகக் கிடக்கும். சிலவற்றில் நூல்கள் நடுவே அணிவகுத்து நிற்கும். சிலவற்றில் அவை இரண்டு கூட்டமாகி, வாழைச்சீப்புகள்போல வளைந்து, எதிரெதிர்த் திசையில் விலகிக்கொண்டிருக்கும். இந்த நூல்கள்தான் குரோமோசோம்கள், வெங்காயத்துக்கு 16. ஒவ்வொன்றும் முன்கூட்டியே படியெடுக்கப்பட்டு இரட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கதிர்கோல் இழைகள் ஒவ்வோர் இரட்டையையும் இரு பக்கமிருந்தும் பற்ற வேண்டும். ஒரே ஒரு குரோமோசோம் பிடிபடாமல் நின்றாலும் செல் முழுவதும் காத்திருக்கும். கடைசி ஆள் ஏறும்வரை வண்டி கிளம்பாது. எல்லாம் பிடிபட்டதும் இரட்டைகளைச் சேர்த்துப் பிடித்திருந்த புரதக் கட்டு அறுபடுகிறது, பங்கு பிரிகிறது. ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங் சாலமாண்டரின் இளம் உயிரிகளில் இந்தக் காட்சியைப் படிப்படியாக வரைந்து 1882-ல் நூலாக வெளியிட்டார். இழை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து மைட்டாசிஸ் என்ற பெயரைச் சூட்டியதும் அவர்தான். பங்கு பிரிப்பில் இவ்வளவு கண்டிப்பு இருப்பதைக் கவனிக்க வேண்டும். சொத்து இரு பக்கமும் சரியாகப் போய்ச் சேர்கிறது. சொத்துக்காரர் மட்டும் எந்தப் பக்கமும் போகவில்லை.

ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்தே வருகிறது என்று ருடால்ஃப் விர்ஷோ 1850-களில் அடித்துச் சொன்னார். அந்தச் சிறிய வாக்கியத்தின் முழுக் கனம் உடனே உறைக்காது. உங்கள் விரல்நுனிச் செல் ஒன்றிலிருந்து பின்னோக்கி நடந்தால், நீங்கள் கருவாயிருந்த ஒற்றைச் செல்லுக்கும், அங்கிருந்து பெற்றோரின் இனச்செல்களுக்கும், அப்படியே மனிதர் தோன்றாத காலத்துக்கும், 300 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய நுண்ணுயிருக்கும் இடைவெளி இல்லாமல் போய்ச் சேரலாம். அந்த வரிசையில் வந்த எந்தச் செல்லும் அடுத்த கண்ணியைத் தராமல் செத்ததில்லை. செத்திருந்தால் நீங்கள் இல்லை. ஆகஸ்ட் வைஸ்மன் 1881-ல் ஆற்றிய உரையில் இதிலிருந்து துணிச்சலான ஒரு முடிவுக்கு வந்தார். பிரிந்து பெருகும் ஒருசெல் உயிரிகளுக்கு இயற்கையான சாவு கிடையாது. பிணம் இல்லாத இடத்தில் சாவைப் பற்றிப் பேச முடியாது. சாவு என்பது பல செல் உயிரிகளோடு பின்னால் வந்து சேர்ந்தது என்றார். பிணத்தைச் சாவின் அடையாளமாக அவர் எடுத்துக்கொண்டது சரியான உள்ளுணர்வு. ஆனால் சாகவில்லை என்பதிலிருந்து நிலைத்திருக்கிறது என்பதற்கு அவர் நேராகத் தாவிவிட்டார். சாகாமலேயே ஒன்று இல்லாமல் போகலாம் என்ற மூன்றாவது வழி அவர் கண் முன்னேயே இருந்தது. அமீபா பிரிந்தபின் சாவும் இல்லை, பழைய அமீபாவும் இல்லை. இடையறாமல் தொடர்வது வேறு, அதுவாகவே இருப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் ஆன்மாவைப் பற்றிய பாதிச் சண்டைகள் பிறந்தன என்பேன்.

பயணி இருக்கிறார், நுண்ணோக்கிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று ஒருவர் மறுக்கலாம். டி.என்.ஏ.வின் பழைய இழை சேய் செல்லுக்குள் போகிறதே, அதுதானே தாயின் உடல்? நியாயமான மறுப்பு. இதற்கு 1958-ல் மேத்யூ மெசல்சனும் ஃபிராங்க்லின் ஸ்டாலும் வெளியிட்ட சோதனையில் விடை இருக்கிறது. அவர்கள் எஷெரிச்சியா கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன் கலந்த ஊடகத்தில் பல தலைமுறை வளர்த்து, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். ஒரு பகுப்புக்குப் பின் கிடைத்த டி.என்.ஏ. எல்லாமே நடுத்தர எடையில் இருந்தது. இரண்டாவது பகுப்புக்குப் பின் பாதி நடுத்தரம், பாதி லேசு. அதாவது இரட்டை இழை பிரிந்து, ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே ஒரு புதிய இழை நெய்யப்படுகிறது. இதை நம் பழைய ஏட்டுச்சுவடி வழக்கத்தோடு வைத்துப் பார்க்கலாம். ஏடு செல்லரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்தெழுதுவார்கள். பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதும் உண்டு. அங்கே மூலம் எது, படி எது என்று சொல்லிவிடலாம். செல்லோ சுவடியைப் பிரித்து, ஒவ்வொரு கட்டிலும் பழைய ஓலை ஒன்று, புதிய ஓலை ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோத்துவிடுகிறது. இரண்டு கட்டும் பாதி மூலம், பாதி படி. பழைய இழைதான் பயணி என்று பிடிவாதமாக நின்றால், பத்துப் பகுப்புக்குப் பின் 1,024 செல்களில் இரண்டில் மட்டும்தான் அவர் இருப்பார். மற்ற 1,022 செல்களும் அவரில்லாமலேயே அதே வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் செய்யாத பயணியை வைத்து ஒன்றையும் விளக்க முடியாது.

ஓலை போகட்டும், பாட்டு நிலைக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. பொருள் மாறினாலும் அதில் எழுதப்பட்ட செய்தி அப்படியே போகிறது. ஆகவே மரபணுதான் சாகாத ஒன்று என்ற கருத்தை ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-ல் எழுதிய நூல் பரவலாக்கியது. அறிவியல் உடையில் வந்த ஆன்மக் கொள்கை என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது. இரண்டு இடத்தில் அது இடறுகிறது. ஒன்று, செய்தி அப்படியே போவதில்லை. செல்லின் பிழைதிருத்தம் வியக்கத்தக்கது. இருந்தும் ஒவ்வொரு குழந்தையும் தாய் தந்தை இருவரிடமும் இல்லாத புதிய எழுத்து மாற்றங்களைச் சுமார் 60, 70 அளவில் சுமந்தே பிறக்கிறது. பாடபேதம் இல்லாத சுவடி இல்லை. இன்னொன்று, அதே எழுத்து என்பதால் அதே ஆள் ஆகிவிடாது. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 1951 அக்டோபரில் புற்றுநோயால் 31 வயதில் இறந்தார். சிகிச்சையின்போது அவரது கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகக் குடுவைகளில் பிரிந்துகொண்டேயிருக்கின்றன. அவருடைய மரபுச் செய்தி, நிறைய மாற்றங்களோடு, பெருகிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் காட்டி அவருடைய பிள்ளைகளிடம் உங்கள் அம்மா உயிரோடிருக்கிறார் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. உயிருள்ளது தொடர்கிறது, அவர் தொடரவில்லை. இந்த இரண்டு வாக்கியமும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு உயிரியலுக்குள்ளிருந்தே வருகிறது. எல்லாப் பகுப்பும் சரிபாதி அல்லவே? ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் பிரிவதில்லை, மொட்டு விடுகிறது. பெரியது தாய், சிறியது சேய். மொட்டு உதிர்ந்த இடத்தில் தாயின் மேல் தழும்பு நிற்கும். 20, 30 மொட்டுக்குப் பின் தாய் ஓய்ந்து சாகிறது. பாக்டீரியாவிலும்கூடப் பழைய முனையைப் பெறும் செல் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைகிறது என்று 2005-ல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் யார் மூத்தவர் என்று சொல்ல முடிகிறதே? முடிகிறது. இந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொள்வதால் என் வாதம் கூர்மையாகிறது. ஈஸ்ட்டில் தாயைத் தாய் ஆக்குவது எது? சிதைந்த புரதங்கள், செல்லின் உள்ளே சேர்ந்த குப்பை, இவை பெரும்பாலும் அவள் பக்கம் தேங்குகின்றன. மொட்டு துப்புரவாகப் புறப்படுகிறது. மரபுச் சரக்கு இருவருக்கும் சமம். தேய்மானம் மட்டும் ஒருத்திக்கு. ஆக, ‘அதே ஆள்’ என்ற அடையாளம் கடத்தப்படும் சொத்தில் இருக்கவில்லை. கடத்தாமல் தன்னிடமே தேக்கிக்கொண்ட சுமையில் இருக்கிறது. அந்தச் சுமை எங்கே தங்குகிறதோ அங்கேதான் சாவும் வருகிறது. தொடர்வது எதுவோ அதற்கு முகம் இல்லை. முகம் உள்ளது தொடர்வதில்லை.

இதெல்லாம் அமீபாவுக்கும் ஈஸ்ட்டுக்கும் சரி, மனிதருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு இரட்டைப் பிள்ளைகளைக் காட்டலாம். உருவொத்த இரட்டையர் ஒரே கருமுட்டையிலிருந்து வருபவர்கள். கருவுற்ற முதல் இரண்டு வாரத்துக்குள் அந்தக் கரு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கருவுற்ற கணத்திலேயே ஆன்மா வந்துவிட்டது என்றால், பிரிந்தபோது அந்த ஆன்மா என்ன ஆனது? ஆன்மா பகுபடாதது என்பதால் இரண்டாகியிருக்க முடியாது. ஒருவரிடம் தங்கி மற்றவருக்குப் புதிது வந்தது என்றால், மூத்த ஆன்மா யாருடையது? முதலாவது போய் இரண்டு வந்தன என்றால், ஒரு மனிதர் பிணமில்லாமல் மறைந்திருக்கிறார், அழுவதற்கு ஆளில்லை. மறுபடியும் அதே காலிக் கட்டில். பிரிட்டனில் தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையில் அமைந்த குழு 1984-ல், ஆய்வகத்தில் கருவை 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 1990-ல் அது சட்டமானது. உடலின் அச்சைக் காட்டும் முதல் கோடு அந்தச் சமயத்தில்தான் கருவில் விழுகிறது. ஏறக்குறைய அதற்குப் பிறகு ஒன்று இரண்டாவதில்லை. அறிவுள்ள ஆன்மா கருவுக்குத் தாமதமாகவே வருகிறது என்று 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி எழுதியிருந்தார். கருவைத் தொடக்கம் முதலே மனிதராக மதிக்க வேண்டும் என்று 1987-ல் அறிவித்த வத்திக்கானும், ஆன்மா எக்கணத்தில் நுழைகிறது என்ற தத்துவக் கேள்விக்குத் தீர்ப்பெழுதாமல் நிறுத்திக்கொண்டது. மதிப்பது வேறு, எண்ணிக்கை சொல்வது வேறு என்று அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சமயங்கள் இந்த இடத்தில் இன்னும் நுட்பமாக யோசித்தவை. பள்ளி மாணவர் நசுக்கிப் பார்க்கும் அந்த வெங்காயத்தைச் சமணர் உண்பதில்லை. மண்ணுக்கடியில் விளையும் பூண்டு, வெங்காயம், கிழங்கு போன்றவற்றில் ஓர் உடலைக் கணக்கற்ற உயிர்கள் கூட்டாகப் பகிர்ந்து வாழ்கின்றன என்பது அவர்களின் கொள்கை, அனந்தகாயம் என்பார்கள். ஓர் உடலுக்கு ஓர் உயிர் என்ற சமன்பாட்டை அவர்கள் எப்போதோ உடைத்துவிட்டார்கள். இரட்டைப் பிள்ளைச் சிக்கல் அவர்களைத் தடுமாறவைக்காது: உயிர்கள் முன்பே இரண்டு இருந்தன என்று சொல்லிவிடலாம். ஆனால் முன்பே இரண்டு உயிர்கள் இருந்த கருவுக்கும் ஒன்றே இருந்த கருவுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், இது பின்னால் பிரிந்தது, அது பிரியவில்லை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. நடந்ததை நடந்தபின் மறுபெயரிட்டுச் சொல்வதாக அது முடிந்துவிடுகிறது. பௌத்தர் எதிர்ப்பக்கம் நின்றார்கள். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் சுடர் இடம் பெயர்ந்ததா என்று நாகசேனர் மிலிந்த மன்னனை மடக்கிய உவமை புகழ்பெற்றது. பயணியில்லாத தொடர்ச்சிக்கு அது நல்ல உவமைதான். ஆனாலும் அதில் இரண்டு குறை. முதல் விளக்கு பிறகும் எரிகிறது. செல்லில் முதல் விளக்கே இரண்டு விளக்காகிறது. அதோடு சுடருக்கு ஞாபகம் கிடையாது. எந்தத் திரியில் எரிந்தோம் என்பதை அது அடுத்த திரிக்குக் கொண்டுபோவதில்லை. வினைப்பயன் விடாமல் தொடர்கிறது, தொடர்பவர் யாருமில்லை என்ற தங்கள் முழுக் கொள்கைக்கு உவமை தேடியிருந்தால், விளக்கைவிட வெங்காய வேர்நுனி அவர்களுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும்.

அந்தக் கொள்கைக்கு எதிராகச் சமணரும் சைவரும் எழுப்பிய வலுவான கேள்வி அறம் சார்ந்தது. நிலைத்த உயிர் இல்லையென்றால் செய்தவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடுமே, பிறகு நீதி எங்கே? பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாகத் தமிழில் நீலகேசி என்ற சமண நூல் எழுந்ததையும், பௌத்தரின் உயிர்க்கொள்கையோடு அது மல்லுக்கட்டியதையும் நினைத்துக்கொள்ளலாம். இந்தக் கேள்வியை நான் சிறிதாக்க விரும்பவில்லை. ஆனால் உடல்களின் உலகில் செய்தவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர் என்பது விதிவிலக்கு அல்ல, அன்றாட நடைமுறை. ஒரு தலைமுறையின் இனச்செல்லில் விழுந்த எழுத்துப்பிழை, எந்தக் குற்றமும் செய்யாத அடுத்த தலைமுறையில் நோயாகிறது. பெண் சிசுவின் முட்டைச் செல்கள் அவள் பிறக்கும் முன்பே உருவாகி, பகுப்பைப் பாதியில் நிறுத்திவைத்துப் பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. உங்களுக்கு வந்த முட்டைச் செல் உங்கள் பாட்டியின் வயிற்றில் உங்கள் அம்மா கருவாயிருந்தபோதே தயாராகிவிட்டது. இதில் நீதியைத் தேடினால் கிடைக்காது. இயற்கை நடந்துகொள்வதிலிருந்து நாம் அறத்தைக் கற்கவும் கூடாது. நான் சொல்ல வருவது குறுகலானது: மரபின் தொடர்ச்சியைக் காட்டி வினையின் நீதியை நிறுவ முடியாது. வினைக்கு ஓர் ஆள் தேவை. அந்த ஆளைச் செல் பகுப்பின் சங்கிலியில் தேடுவது தவறான வீட்டுக் கதவைத் தட்டுவது.

சரியான கதவு எது? 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உயிர் உண்டு என்பதற்கு வாதம் அடுக்குகிறார். உடல் வளர்கிறது, பிறக்கிறது, ஆகவே உயிர் உண்டு என்று அவர் தொடங்கவில்லை. இல்லை என்று சொல்வதற்கும் ஓர் அறிவு வேண்டும். எனது உடல் என்று உடலைத் தன்னிலிருந்து வேறாக்கிப் பேசுவது எது. ஒவ்வொரு புலனும் தனக்குரியதை மட்டும் அறிய, ஐந்தையும் சேர்த்து அறிவது எது என்று கேட்கிறார். அவருடைய ஆன்மா உயிரோட்டத்தை விளக்க வந்த பொருள் அல்ல. அறிபவரை விளக்க வந்தது. அந்த வாதம் சரியா தவறா என்பது வேறு வழக்கு. மூளையே அந்த அறிபவர் என்று சொல்பவர்களோடு அவர் தரப்பு இன்னும் வாதாட வேண்டியிருக்கிறது. ஆனால் வழக்கு நடக்க வேண்டிய நீதிமன்றம் அதுதான். ஆன்மாவை உயிர்த்தொடர்ச்சியின் பயணியாக நிறுத்தினால் செல் பகுப்பு ஒவ்வொரு நொடியும் அதைப் பொய்யாக்கும். அறிபவராக நிறுத்தினால் அதைத் தொடக்கூட முடியாது.

இதற்கு உடலே ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. தோலும் குடலின் உட்சுவரும் இரத்தமும் ஓயாமல் பிரிந்து புதுப்பித்துக்கொள்பவை. பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்கள் அப்படியல்ல. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கூட்டிவிட்ட கதிரியக்கக் கார்பனை அளவுகோலாக வைத்து, மனிதச் செல்களின் டி.என்.ஏ.வுக்கு வயது கணக்கிட்டார்கள் சுவீடன் ஆய்வாளர்கள். புறணி நரம்புச் செல்களின் வயது அந்த மனிதரின் வயதாகவே இருந்தது. நினைவும் சொல்லும் ‘நான்’ என்ற உணர்வும் எங்கே குடியிருக்கின்றனவோ, அங்கே உடல் பகுப்பை நிறுத்திக்கொள்கிறது. பிரிந்துகொண்டே போகும் செல்லுக்குச் சாவைத் தவிர்க்கும் வழி இருக்கிறது, ‘நான்’ என்பதற்கு அங்கே இடமில்லை. பிரியாமல் நின்ற செல்தான் ஒரே ஆளின் சுமையை எழுபது எண்பது ஆண்டு சுமக்கிறது, கடைசியில் அவரோடு சாகிறது. வைஸ்மன் பிணத்தைச் சாவின் அடையாளமாகப் பார்த்தார். அதற்கு முன்னால் அது இன்னொன்றின் அடையாளம்: இரண்டாகப் பிரியாத, படியெடுக்க முடியாத ஒருவர் இங்கே இருந்தார் என்பதற்கு. அமீபாவை யாரும் அடக்கம் செய்வதில்லை, அதற்கு அவசியமும் இல்லை. நாம் செய்கிறோம்.